19ஆம் நூற்றாண்டு அமெரிக்க செனட் தேர்தலை அட்டவணை போட்டுப் படிப்பது எப்படி

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்த பிள்ளைகளிடம் அமெரிக்க செனட் சபையைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள்: மாநிலத்துக்கு இரண்டு பேர், பதவிக்காலம் ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினருக்குத் தேர்தல். எல்லாம் சரி. அதே பிள்ளை 1800களில் நடந்த ஒரு செனட் தேர்தலைத் தேடிப் படிக்கப் போனால் அரைமணி நேரத்தில் குழம்பிப் போகும். ஒரே தேர்தலுக்கு ஓரிடத்தில் 1858 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 1859 என்று இருக்கும். வென்றவருக்கு 54 வாக்கு என்று போட்டிருக்கும், ஒரு முழு மாநிலத்தில் 54 வாக்கா என்று கண்ணைக் கசக்கிப் பார்க்கத் தோன்றும். சில இடங்களில் வென்றவர் பெயரே இருக்காது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். எல்லாரும் ஆண்டைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள், குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. ஆசனத்தைப் பிடியுங்கள். எந்த மாநிலம், அதன் இரண்டு ஆசனங்களில் எது, அந்த ஆசனத்தின் காலம் எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டால் ஆண்டு தானாக வந்து சேரும். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பக்கத்தைக் குறுக்கே திருப்பி, கோடு போட ஆயத்தமாகுங்கள்.

முதலில் மனதில் இருந்து ஒன்றை எடுத்துப் போட வேண்டும்: வாக்களிப்பு நாள். 19ஆம் நூற்றாண்டில் செனட் சபைக்கென்று நாடு முழுவதும் மக்கள் வாக்களித்த நாள் ஒன்று கிடையாது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, மூன்றாம் பிரிவு சொல்வது, செனட்டர்களை அந்தந்த மாநிலத்தின் சட்டசபை தெரிவு செய்யும் என்பது. மக்கள் மாநில சட்டசபைக்கு ஆட்களைத் தெரிவு செய்வார்கள், அந்த ஆட்கள் தலைநகரில் கூடி செனட்டரைத் தெரிவு செய்வார்கள். 1913இல் பதினேழாவது திருத்தம் வரும்வரை இதுதான் முறை. இது நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. 2022 ஜூலை 20ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றத்தில் புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்ய எம்.பி.மார் ஒவ்வொருவராகப் போய் வாக்குப் போட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. அந்த எண்களைப் பார்த்து, கோடிக்கணக்கான மக்கள் உள்ள நாட்டில் 134 வாக்கா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யார் வாக்குப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 54ஐயும் அதே கண்ணோடு பாருங்கள்.

சரி, இப்போது ஆசனத்தைக் கண்டுபிடிப்போம். 1789 மே மாதம் செனட் சபை தன் உறுப்பினர்களை மூன்று வகுப்பாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கியது. முதல் வகுப்பின் காலம் 1791இலும், இரண்டாம் வகுப்பின் காலம் 1793இலும், மூன்றாம் வகுப்பின் காலம் 1795இலும் முடியும். அதன் பிறகு ஒவ்வொன்றும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு மாநிலத்தின் இரண்டு ஆசனங்களும் ஒரே வகுப்பில் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். பின்னால் சேர்ந்த மாநிலங்களுக்கும் இதே வகுப்புகள்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முழுப் பதவிக்காலம் முடியும் ஆண்டை எடுத்து 6ஆல் வகுங்கள். மீதி 3 வந்தால் முதல் வகுப்பு, மீதி 5 வந்தால் இரண்டாம் வகுப்பு, மீதி 1 வந்தால் மூன்றாம் வகுப்பு. இலினோய் மாநிலத்தின் ஸ்டீபன் டக்ளஸின் காலம் 1859இல் முடிகிறது. 1859ஐ 6ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே இரண்டாம் வகுப்பு. இடையில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ வகுப்பு மாறாது, வருகிறவர் மிச்சக் காலத்தைத்தான் இருந்து முடிப்பார். மிசிசிப்பியின் ஹைரம் ரெவெல்ஸ், செனட் சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர், 1870 பெப்ரவரியில் பதவியேற்று 1871 மார்ச்சில் இறங்கிவிட்டார். ஓராண்டுதானா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. போர்க்காலத்தில் இருந்து காலியாகக் கிடந்த ஓர் இரண்டாம் வகுப்பு ஆசனத்தின் கடைசித் துண்டுக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். 1871ஐ வகுத்துப் பாருங்கள், மீதி 5.

கொப்பியில் முதல் நிரல் மாநிலம், இரண்டாவது வகுப்பு, மூன்றாவது காலம் முடியும் திகதி. அந்தத் திகதி அந்த நூற்றாண்டு முழுக்க மார்ச் 3தான், புதியவரின் காலம் மார்ச் 4இல் தொடங்கும். இன்றைய ஜனவரி 3ஐ அங்கே போட்டுவிட வேண்டாம், அது 1933இல் வந்த இருபதாவது திருத்தத்தோடு வந்தது.

நான்காவது நிரலில்தான் உண்மையான வேலை. எந்தச் சட்டசபை வாக்களித்தது, அந்தச் சட்டசபையில் யார் இருந்தார்கள்? இதைத் தவறவிடுகிறவர்கள்தான் லிங்கன்-டக்ளஸ் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

1858 ஓகஸ்ட் 21 முதல் ஒக்டோபர் 15 வரை இலினோயில் ஏழு ஊர்களில் ஆபிரகாம் லிங்கனும் டக்ளஸும் மேடையில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். ஆயிரக்கணக்கான சனம் வந்து நின்று கேட்டது. ஆனால் அந்தச் சனத்தில் ஒருவருக்குக்கூட லிங்கனுக்கென்றோ டக்ளஸுக்கென்றோ போட ஒரு வாக்குச்சீட்டு இல்லை. நவம்பர் 2ஆம் திகதி அவர்கள் வாக்குப் போட்டது தங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதிக்கு, சில இடங்களில் மாநில மேலவை உறுப்பினருக்கு. மாநிலத்தின் கீழவையில் 75 பேர், மேலவையில் 25 பேர், ஆக 100 பேர். மேலவையில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டு தேர்தலைச் சந்திக்கவே இல்லை, முன்பே தெரிவாகி அப்படியே இருந்தவர்கள், அவர்களில் டக்ளஸின் ஜனநாயகக் கட்சிக்காரர்களே அதிகம். தொகுதி எல்லைகளும் பழைய சனத்தொகைக் கணக்கின்படி போட்டவை, லிங்கனுக்கு ஆதரவான வடபகுதியில் சனம் பெருகியிருந்தும் ஆசனம் பெருகவில்லை. மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் லிங்கனின் குடியரசுக் கட்சியின் பக்கமே சற்று அதிக வாக்கு விழுந்தது. இருந்தும் 1859 ஜனவரி 5ஆம் திகதி ஸ்பிரிங்ஃபீல்டில் சட்டசபை கூடி வாக்களித்தபோது டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46.

இப்போது 1858ஆ 1859ஆ என்ற கேள்வி மறைந்துவிடும். மக்கள் சட்டசபையைத் தெரிவு செய்தது 1858, சட்டசபை செனட்டரைத் தெரிவு செய்தது 1859. உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நிரல் விடுங்கள். ஒரே நிரலில் அடக்கப் பார்த்தால் பின்னால் எல்லாம் முட்டும். சில மாநிலங்களில் சட்டசபை ஓராண்டு முந்தியே தெரிவு செய்துவிடும், சிலவற்றில் காலம் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் இழுபடும். அதனால்தான் கவனமாக எழுதுகிறவர்கள் "1858, 1859 தேர்தல்கள்" என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

அடுத்து, சட்டசபை எப்படி வாக்களித்தது என்று பார்க்க வேண்டும். இங்கே 1866ஐ ஒரு தடித்த கோடாகப் போடுங்கள். அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் ஒவ்வொரு வழக்கம். சில இடத்தில் இரண்டு அவைகளும் ஒன்றாக அமர்ந்து வாக்களிக்கும், சில இடத்தில் இரண்டும் தனித்தனியே ஒரே ஆளைத் தெரிவு செய்தாக வேண்டும். இரண்டு அவைகளும் வெவ்வேறு கட்சிக் கையில் இருந்தால் கதை கந்தல்தான். நியூயோர்க்கில் முதல் தேர்தலிலேயே இரண்டு அவைகளும் எந்த முறையில் தெரிவு செய்வது என்று மல்லுக்கட்டி, 1789 மார்ச்சில் தொடங்க வேண்டிய காங்கிரஸுக்கு ஜூலை மாதம்தான் ரூஃபஸ் கிங்கையும் பிலிப் ஸ்கைலரையும் அனுப்பினார்கள். இந்தியானாவில் 1855இல் மாநில மேலவையை வைத்திருந்த ஜனநாயகக் கட்சியினர் கூட்டு அமர்வுக்கு வர மறுத்தார்கள், வந்தால் எண்ணிக்கையில் தோற்பார்கள் என்று தெரியும். அந்த ஆசனம் 1857 வரை வெறுமையாகவே கிடந்தது.

1866 ஜூலையில் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு எல்லா மாநிலத்துக்கும் ஒரே முறையை வைத்தது. சட்டசபை கூடி ஒழுங்கமைந்த பிறகு வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ஒவ்வொரு அவையும் தனித்தனியாக, ஒவ்வோர் உறுப்பினரும் வாய்விட்டுப் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். நமது பாராளுமன்றம் 2022இல் செய்தது இரகசிய வாக்கு, இங்கே எல்லாம் பகிரங்கம், யார் யாருக்குப் போட்டார் என்று குறிப்பேட்டில் பதிவாகும். அடுத்த நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு அவைகளும் ஒன்றாகக் கூடும். முந்தைய நாள் இரண்டு அவைகளிலும் ஒரே ஆளுக்குப் பெரும்பான்மை கிடைத்திருந்தால் அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் கூட்டு அமர்வு வாக்களிக்க வேண்டும், ஒருவருக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்கும்வரை தினமும் நண்பகலில் கூடி, நாளுக்கு ஒரு வாக்கெடுப்பாவது நடத்த வேண்டும்.

ஆகவே 1866க்குப் பிந்திய தேர்தல் என்றால் முதல் நாள் கீழவை எண்ணிக்கை, முதல் நாள் மேலவை எண்ணிக்கை, கூட்டு அமர்வின் எண்ணிக்கை என்று மூன்று நிரல் வேண்டும். எத்தனையாவது வாக்கெடுப்பில் முடிந்தது என்பதற்கு ஒரு சிறு நிரல், இது எல்லா ஆண்டுகளுக்கும் தேவை. இதை எழுதாமல் விடுகிறவர்கள் நல்ல கதைகளை இழக்கிறார்கள். 1855இல் இதே இலினோயில் லிங்கன் முதல் சுற்றில் நாற்பதுக்கு மேல் வாக்கோடு முன்னணியில் இருந்தார், லைமன் ட்ரம்புலுக்கு வெறும் ஐந்து. லிங்கனின் வாக்கு ஏறவில்லை. அடிமை முறை மேற்கே பரவுவதை எதிர்க்கும் ஒருவராவது போகட்டும் என்று லிங்கன் தன் ஆட்களை ட்ரம்புல் பக்கம் திருப்பிவிட, பத்தாவது சுற்றில் ட்ரம்புல் 51 வாக்கோடு வென்றார். கடைசி எண்ணை மட்டும் எழுதிவைத்தால் லிங்கன் அந்தப் போட்டியில் எங்கே நின்றார் என்றே தெரியாது.

பெரும்பான்மை என்ன என்பதையும் ஒவ்வொரு முறையும் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டெலவெயர் மாநிலம் இதற்கு நல்ல பாடம். அதன் சட்டசபையில் மொத்தமே 30 பேர். 1895இல் அவர்கள் 114 நாளில் 217 தடவை வாக்கெடுத்தார்கள். ஜே. எட்வர்ட் அடிக்ஸ் என்ற பணக்காரர் குடியரசுக் கட்சிக்குள் ஒரு கூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, தான் வராவிட்டால் யாரும் வரக்கூடாது என்று நின்றதுதான் காரணம். இதற்கிடையே மாநில ஆளுநர் இறந்துபோனார், மாநில மேலவையின் சபாநாயகர் வில்லியம் வொட்சன் ஆளுநரின் பணியை ஏற்றார். கடைசி வாக்கெடுப்பில் ஹென்றி டு பொன்ட்டுக்கு 15 வாக்கு. ஆளுநரின் பணியில் இருக்கும் வொட்சனும் அன்று வந்து வாக்களித்தார். அவருடைய வாக்கு செல்லாது என்றால் மொத்தம் 29, 15 என்பது பெரும்பான்மை. செல்லும் என்றால் மொத்தம் 30, 15 போதாது. டு பொன்ட் வொஷிங்டனுக்குப் போய் ஆசனத்தைக் கோரினார். அடுத்த ஆண்டு செனட் சபை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. ஆசனம் 1897 வரை காலி.

இதனால்தான் அட்டவணையில் "செனட் சபை ஏற்றதா" என்று இன்னொரு நிரல் கட்டாயம் வேண்டும் என்கிறேன். தன் உறுப்பினர்களின் தெரிவு செல்லுமா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்தச் சபைக்கே உண்டு. மொன்டானாவில் 1899இல் செப்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் தெரிவானபோது, ஒரு மாநில உறுப்பினர் 30,000 டொலர் காசைச் சட்டசபைக்கு முன் கொண்டுவந்து வைத்து, இதுதான் எங்களுக்குத் தந்த இலஞ்சம் என்று காட்டினார். கிளார்க் போய் ஆசனத்தில் அமர்ந்தார், செனட் குழு விசாரித்து அவருக்கு எதிராக முடிவு சொன்னது, சபை வாக்களிக்கும் முன்னர் 1900 மே மாதம் விலகினார். விலகின கையோடு, ஆளுநர் வெளியூரில் இருந்த நேரம் பார்த்துத் துணை ஆளுநர் அவரையே அந்த வெற்றிடத்துக்கு நியமித்தார்! ஆளுநர் திரும்பி வந்து அதை இரத்துச் செய்தார். தெரிவானவர் என்ற ஒரு நிரலை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

நியமனத்தை ஒரு வேறு நிற மையால் எழுதுங்கள். சட்டசபை கூடியிராத நேரத்தில் ஆசனம் வெறுமையானால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம், அடுத்த முறை சட்டசபை கூடும்வரை மட்டும். அது தேர்தல் அல்ல. இரண்டையும் கலந்தால் எண்ணிக்கை தவறும். இலங்கையில் முன்பு இருந்த நமது செனட் சபையில் இந்த இரண்டும் பக்கம் பக்கமாகவே இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று பிடிபடும். சோல்பரி யாப்பின்படி 30 பேரில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தனி மாற்று வாக்கு முறையில் தெரிவு செய்தது, 15 பேரை மகா தேசாதிபதி நியமித்தார். ஆறு ஆண்டுக் காலமும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவதும் அமெரிக்காவைப் போலவே. கோட்டையில் இப்போது வெளிநாட்டமைச்சு இருக்கும் பழைய கட்டடத்தில்தான் அந்தச் சபை 1971 ஒக்டோபரில் ஒழிக்கப்படும்வரை கூடியது. அமெரிக்கச் சட்டசபைகள் செனட்டர்களுக்காக அடிபட்டுக்கொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டில் கொழும்புச் சட்டநிரூபண சபையில் நம்மவர்கள் எல்லாரும் தேசாதிபதி பார்த்து நியமித்தவர்கள். முதல் தேர்தல் 1911இல், படித்த இலங்கையருக்கென்று ஒரேயோர் ஆசனத்துக்கு, பொன்னம்பலம் இராமநாதன் வென்றார்.

கட்சி நிரலைப் பற்றிச் சுருக்கமாக. பென்சிலால் எழுதுங்கள். 1830களில் ஜாக்சன் ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்றுதான் பிரிவு, பிறகு விக் கட்சி வரும், 1850களில் அது சிதறும், ஒரே ஆள் ஒரே காலத்துக்குள் இரண்டு பெயரில் இருப்பார். தெரிவான நாளில் என்ன கட்சி என்பதையே எழுதிக்கொண்டு போங்கள்.

தகவலை எங்கே எடுப்பது? காங்கிரஸ் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைக் காங்கிரஸே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பதவியேற்ற திகதி, விலகிய திகதி, நியமனமா தெரிவா என்பதெல்லாம் அங்கே இருக்கும். வாக்கு எண்ணிக்கைக்கு மாநில அவைகளின் நாட்குறிப்பேடுகளைத் தேட வேண்டும், பல மாநிலங்களுடையது வருடி ஏற்றப்பட்டிருக்கிறது. காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் திரட்டும் இலவசம். ஆங்கிலத்தில் "ஜொயின்ட் பலட்", "ஜொயின்ட் அசெம்பிளி" என்ற சொற்களோடு மாநிலத் தலைநகரின் பெயரையும் போட்டு, ஜனவரி, பெப்ரவரி மாதங்களுக்கு மட்டும் சுருக்கித் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். செய்தித்தாள் எண்ணும் குறிப்பேட்டு எண்ணும் ஒன்றிரண்டு வித்தியாசப்பட்டால் குறிப்பேட்டையே எடுங்கள், நிருபர் அவசரத்தில் தந்தியடித்திருப்பார்.

பழகிப் பார்க்க மூன்று ஆசனங்களைச் சொல்கிறேன், கடினம் ஏறும் வரிசையில். முதலாவது நியூயோர்க், 1881. ஜனாதிபதி கார்ஃபீல்டோடு பதவி நியமனத்தில் முரண்பட்டு ரொஸ்கோ கொங்ளிங்கும் தோமஸ் பிளாட்டும் மே 16ஆம் திகதி ஒரே நாளில் விலகினார்கள், சட்டசபை தங்களையே திருப்பி அனுப்பும் என்ற நம்பிக்கையில். ஜூலை மாதம் அவர்களுடைய இடங்களுக்கு வந்தவர்கள் எல்பிரிட்ஜ் லப்பமும் வோர்னர் மில்லரும். யாருடைய ஆசனம் எந்த வகுப்பு, யார் யாருடைய இடத்துக்கு வந்தார் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். கொங்ளிங்கின் காலம் 1885இலும் பிளாட்டின் காலம் 1887இலும் முடிய வேண்டியவை.

இரண்டாவது டெலவெயர், 1899 முதல் 1903 வரை. 1895இல் பார்த்த அதே இழுபறி மறுபடியும், இம்முறை 1901 மார்ச்சிலிருந்து 1903 மார்ச் வரை மாநிலத்தின் இரண்டு ஆசனங்களுமே காலி.

மூன்றாவது ஓரிகன், 1897. அங்கே கீழவை ஒழுங்கமையவே இல்லை, சபாநாயகர் தெரிவு முடியவில்லை, ஆகவே 1866ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்ற நாளே வரவில்லை. ஆளுநர் ஹென்றி கோர்பெட்டை நியமித்தார், செனட் சபை 1898இல் அவரை ஏற்க மறுத்தது, அந்த ஆண்டு ஒக்டோபரில்தான் சட்டசபை ஜோசப் சைமனைத் தெரிவு செய்தது. மக்கள் வாக்களித்த நாள், சட்டசபை வாக்களித்த நாள், நியமனம், செனட் சபையின் தீர்ப்பு, வெற்றிடம் என்று நீங்கள் போட்ட நிரல்கள் எல்லாம் இந்த ஒரே ஆசனத்துக்குத் தேவைப்படும். 1897ஐ 6ஆல் வகுத்து வகுப்பை எழுதித் தொடங்குங்கள்.